ஊட்டியும் ஒரு பன்னிரண்டாவது படமும்

தமிழ்நாட்டில் சுமாரான வசதியுள்ள எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும், பட்டுப் புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு ஒரு ஊட்டி ஆல்பம் இருக்கும். சந்தேகமென்றால் உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இருந்ததா? நான்தான் சொன்னேனே!

அதில் என்னென்ன படங்கள் இருக்கும் என்பதையும் பார்க்காமலே சொல்கிறேன். பொட்டானிக்கல் கார்டன் புல்வெளியில் குடும்பமே வரிசையாக உட்கார்ந்து ஒன்று. குதிரை மேல் அழுகிற பையன் ஒன்று (குதிரைக்காரரின் கை மட்டும் தெரியும்). படகில் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அத்தை. குரங்குக் குல்லாயில் தாத்தா. பனிமூட்டத்தில் யாரென்றே தெரியாத நாலு உருவங்கள்... படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவில் 'தொட்டபெட்டா' என்று எழுதியிருக்கும்.

எல்லோரும் இருப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். ஆபீஸில் லீவ் கேட்டவர், டிக்கெட் எடுத்தவர், லாட்ஜ்காரரிடம் வாடகை பேரம் பேசியவர். அப்பா! காரணம் ரொம்ப சிம்பிள். கேமரா அவர் கழுத்தில் தொங்கியது.

போன வருடம் எங்கள் வீட்டுக் கணக்கு கொஞ்சம் தாறுமாறாகப் போனது. பி.காம். படித்தவன் என்பதால் பேரேட்டு பாஷையிலேயே சொல்கிறேன். தை மாதம் அப்பா காலமானார். சித்திரையில், கரூரில் 30 வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். ஆனியில் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆவணியில் நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, எழுதியே பிழைப்பது என்று முடிவெடுத்தேன். (இந்தக் கடைசி ஐட்டத்தை என் மாமனார் இன்னும் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில்தான் வைத்திருக்கிறார்.)

அப்பா போன அன்றைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். பதினாலு ஆல்பம் உள்ள வீடு. எல்லாம் அப்பா எடுத்தது. அதனாலேயே ஒன்றில்கூட அப்பா உருப்படியாக இல்லை. ஒரு படத்தில் புல்தரையில் நீளமாக விழுந்த அவர் நிழல். இன்னொன்றில் ஓட்டல் கண்ணாடியில் கேமராவும் நெற்றியும். கடைசியில் அவர் வேலை பார்த்த கூட்டுறவு சங்கத்தின் அடையாள அட்டையிலிருந்து ஸ்டாம்ப் சைஸ் படத்தைப் பெரிசு பண்ணிப் போட்டார்கள். அதில் அப்பா, மூணு தவணை பாக்கி வைத்தவரைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்.

அம்மாவுக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. "அவரு ஒருநாளும் இப்படி மொறச்சது இல்ல கண்ணு" என்று பதினாறாம் நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு யார் போனைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். பேத்தியின் பிறந்தநாளில்கூட அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

வீடு காலி செய்த அன்று ஆல்பங்களை அட்டைப்பெட்டியில் போடும்போது, அடியில் இருந்ததைப் புரட்டினேன். 1987. அப்பா - அம்மா கல்யாணமான புதிதில் ஊட்டி போன ஆல்பம். கறுப்பு வெள்ளை, சதுரப் படங்கள். அப்பாவிடம் அப்போது இருந்தது அக்ஃபா க்ளிக் 3 என்ற டப்பா கேமரா. அகலமான ரோல் ஃபிலிம். ஒரு ரோலில் பன்னிரண்டே படம்.

ஆல்பத்தில் இருந்தது பதினொன்று.

ஆடிட்டர் ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? முன்னாலிருந்து எண்ணினேன், பின்னாலிருந்து எண்ணினேன். ஒரு ஐட்டம் டேலி ஆகவில்லை. அதோடு, அந்தப் பதினொன்றில் ஒன்று புதிராக இருந்தது. ஏரி இல்லை, பூ இல்லை, மலை இல்லை. ஏதோ ஒரு பெரிய இரும்பு கேட். அதன் முன்னால் ஒற்றைப் பின்னலோடு, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா. தேன்நிலவுக்குப் போனவர்கள் எதற்கு ஒரு கேட்டைப் போட்டோ எடுக்க வேண்டும்?

"இது எங்கம்மா?"

"ஏதோ கேட்டு. பெட்டியக் கட்டு, லாரிக்காரர் நிக்கறாரு."

விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அதே பீரோவின் இன்னொரு தட்டில், மஞ்சள் துணிப்பையில் அப்பாவின் இரண்டாவது கேமரா கிடைத்தது. யாஷிகா எம்.எஃப்.2.

தொண்ணூறுகளில் பிறந்தவர்களின் காதுகுத்தை எல்லாம் பதிவு செய்தது பெரும்பாலும் இந்த ரகக் கேமராதான். ஃபோகஸ் செய்கிற வேலையே கிடையாது. ரொம்பக் கிட்டே நிற்காமல் இருந்தால் சரி. ஃபிலிமின் வேகத்துக்கு ஒரு சின்ன டயல். ஃப்ளாஷுக்கு இரண்டு பென்டார்ச் செல். படம் எடுத்ததும் அடுத்த படத்துக்குக் கட்டை விரலால் ஃபிலிமை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். பின்கதவில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த ஸ்பான்ஜ் பசையாகிப் போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். 'க்ளிக்' என்று அழுத்திப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்ல சார். இதுல கெட்டுப்போறதுக்கு எதுவுமே வைக்கல அவன்" என்றார். மனிதர்களைப் பற்றிக்கூட இப்படிச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்தது ஃபிலிம். கிடைக்கிறது ஸ்வாமி! 2012-ல் கொடாக் கம்பெனி திவால் மனு போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இருபது வயசுப் பையன்களே தேடித் தேடி வாங்குகிறார்கள். நான் வாங்கிய 36 படச் சுருள் ஆயிரம் ரூபாய். கழுவி, ஸ்கேன் போட ஐந்நூறு. ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு வகுத்தல் முப்பத்தாறு... ஒரு க்ளிக்குக்கு 41 ரூபாய் 67 பைசா. அதாவது இரண்டு டீ, ஒரு வடை.

போனில் ஒரு படத்தின் அடக்கவிலை பூஜ்யம். சும்மா கிடைக்கிற எதற்கும் கூட்டம் சேரும் என்பது பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கம். அதனால்தான் ஒரு இட்லியை ஏழு கோணத்தில் எடுக்கிறோம். ஆனால் இரண்டு டீ, ஒரு வடை என்று ஆகிவிட்டால்? விரல் தானாக யோசிக்கும். 'இதுக்கு வடை தரலாமா?' என்று ஒவ்வொரு காட்சியையும் கேட்கத் தோன்றும்.

"ஏங்க, புதுக் கணக்கு ஆரம்பிச்சாச்சு, கேமராவும் ரெடி. அத்தையைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போய்ட்டு வரலாமே" என்றாள் என் மனைவி.

எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

*

சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். எதிர் பிளாட்பாரத்தில் நீலமும் க்ரீமுமாகப் பொம்மை ரயில் நிற்கிறது. 7.10-க்குக் கிளம்புகிறது. எஞ்சினைத் தேடி முன்னால் ஓடாதீர்கள். அது பின்னால் இருக்கும். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது, பரீட்சைக்குப் போகிற பையனைப் பெற்றோர் தள்ளுவது மாதிரி.

46 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். மணிக்குப் பத்து கிலோமீட்டர்! சாயங்கால அண்ணாசாலை தேவலை. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருந்த உங்களை 2203 மீட்டருக்குக் கொண்டுபோய் வைக்கிறது. 208 வளைவு, 16 குகை, 250 பாலம். சில இடங்களில் பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். வெறும் தண்டவாளம் வழுக்கிவிடும் என்பதால் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் வைத்த தண்டவாளம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 1899-ல் குன்னூர் வரை போட்டார்கள். ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது.

1998-ல் 'தில் சே' ('உயிரே') படத்துக்காக ஷாரூக் கானும் மலைக்கா அரோராவும் ஆடினார்களே, அது இந்த ரயிலின் கூரை மேல்தான். எங்கள் பெட்டியிலிருந்த கல்லூரிப் பையன்கள் நாலு பேர் அதே பாட்டை போனில் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்கள். (கூரைக்குப் போக அனுமதியில்லை. நல்ல காலம்!)

முதல் படத்தை ஹில்குரோவில் எடுத்தேன். எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிற இடம். ஆவி நடுவே ஒரு குரங்கு, யாருடைய பிஸ்கட் பாக்கெட்டையோ சாவகாசமாகப் பிரித்துக்கொண்டிருந்தது. க்ளிக். மகள் ஓடிவந்து கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா படம்?"

"உள்ளே இருக்கு."

"காட்டு."

"காட்ட முடியாது. திறந்தா அழிஞ்சிடும்."

"அப்ப எப்படித்தான் பாக்கறது?"

"ஊருக்குப் போய்தான்."

மகள் என்னைப் பார்த்த பார்வை, அடையாள அட்டை அப்பாவின் பார்வை. எதிர் ஸீட்டில் அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். தை மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. கேமராவைத் தூக்குவதற்குள் முந்தானை முகத்துக்கு வந்துவிட்டது. "என்னைய என்னத்துக்கு? பாப்பாவ எடு."

கேத்தி ஸ்டேஷன் வந்ததும் பெட்டியில் ஒரு சலசலப்பு. 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் கடைசிக் காட்சி எடுத்த ஸ்டேஷன் இதுதான் என்று ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் கமல் மாதிரி பிளாட்பாரத்தில் ஒரு குட்டிக்கரணமே அடித்துக் காட்டினார். அந்தப் படத்துக்குக் கமலுக்கு மட்டுமல்ல, ஒளிப்பதிவுக்காக பாலுமகேந்திராவுக்கும் தேசிய விருது. நீலகிரி வெளிச்சம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்தப் படம் போதும். இங்கே பனிமூட்டம் வானம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டி வைத்த மாதிரி. முகத்தில் கறுப்பு நிழலே விழாது. கல்யாண போட்டோகிராபர்கள் குடை, துணி எல்லாம் வைத்துச் செய்கிற வேலையை மலை சும்மா செய்து கொடுக்கிறது.

ஆனால் ஒன்று. மூட்டத்தில் வெளிச்சம் குறைவு. கலர் நெகட்டிவ் ஃபிலிம், வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும். குறைந்தால் கோபித்துக்கொண்டு மண் நிறமாகிவிடும். அதனால் ஃபிலிம் 200 வேகம் என்றாலும் டயலை 100-ல் வைத்தேன். உள்ளே கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் போகும். உங்கள் வீட்டிலும் மஞ்சள் துணிப்பையில் ஒரு கேமரா தூங்கினால், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*

ஊட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதத்திலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று ஹைகோர்ட் உத்தரவு வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு போனால் பிடுங்கிக்கொள்வார்கள். வர்க்கி மட்டும் மாறவில்லை. டீயில் முக்கினால் பாதி டீக்குள் போய்விடுகிறது.

1848-ல் ஆரம்பித்த பொட்டானிக்கல் கார்டனில், நம்மில் பலர் நடக்கிறோமே தவிர பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் செல்ஃபி குச்சியின் நுனியில். எனக்கு மிச்சமிருந்தது 29 படம். அதனால் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் அங்கே நான் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தோட்டக்காரம்மா ஒருவர் வாடிய பூக்களை மட்டும் கிள்ளி முந்தானையில் சேர்த்துக்கொண்டே போனார். அவருக்கு ஒரு படம். சரிவில் உருண்டு வந்த என் மகளுக்கு ஒன்று. பூச்செடிகளுக்கு ஒன்றும் தரவில்லை. அவற்றை ஏற்கெனவே கோடிப் பேர் எடுத்தாயிற்று.

1860-களின் கடைசியில் சாமுவேல் போர்ன் என்ற வெள்ளைக்காரர் நீலகிரிக்கு வந்து படம் எடுத்திருக்கிறார். அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். கூடாரம், ரசாயனம், கண்ணாடி எல்லாம் சுமக்கத் தனியாக ஆட்கள். இமயமலைக்கு அவர் போனபோது டஜன் கணக்கில் கூலியாட்களாம். அவரோடு ஒப்பிட்டால் என் 36 என்பது ஜமீன்தார் வாழ்க்கை!

இரண்டு நாள் இப்படிப் போனது. ஏரி, செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் (இதன் மர உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தவை), மார்க்கெட். அம்மா எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தார். எந்தப் படத்துக்குள்ளும் வரவில்லை. கேமரா தூக்கினால் மூன்றடி தள்ளி நிற்பார். நான் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் பைக்காரா போக டாக்ஸி. கூடலூர் ரோடு. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் தம்பி, "இதுதாங்ணா இந்து நகர்" என்றார்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "ஃபிலிம் ஃபேக்டரியா?"

எனக்கு ஆச்சரியம். இடுப்பு வலி, ஈ.பி. பில், பேத்தியின் ஹோம்வொர்க் தவிர வேறெதுவும் பேசாத அம்மா!

இளைய வாசகர்களுக்காகச் சின்ன ஃப்ளாஷ்பேக். 'ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்' என்று மத்திய அரசின் கம்பெனி ஒன்று இங்கே இருந்தது. 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. தயாரிப்பின் பெயர் 'இந்து'. சமஸ்கிருதத்தில் நிலா என்று அர்த்தம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், சினிமா ஃபிலிம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இங்கிருந்து போனது. ஏன் ஊட்டி? ஃபிலிம் என்பது வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து மெல்லிசாகப் பூசுகிற சமாச்சாரம். ஒரு தூசி விழுந்தால் போச்சு. சூடும் ஆகாது. குளிர்ச்சியும் சுத்தமான காற்றும் வேண்டும். இங்கே இரண்டும் இலவசம்.

"எங்க பெரியப்பா அங்கதாங்ணா வேலை பாத்தாரு. உள்ளே லைட்டே போட மாட்டாங்களாம். ஷிஃப்ட் பூரா இருட்டு. கையால தடவித் தடவித்தான் வழியே தெரியுமாம். சாயங்காலம் வெளிய வந்தா கண்ணு கூசும்னு சொல்லுவாரு."

ஊருக்கெல்லாம் வெளிச்சத்தைப் பிடித்துவைக்கச் சாமான் செய்தவர்கள் இருட்டில் வேலை பார்த்திருக்கிறார்கள்! 1991-க்குப் பிறகு கதவு திறந்தது, வெளிநாட்டு ஃபிலிம் வெள்ளமாக வந்தது. கடன் ஏறியது. தொண்ணூறுகளின் நடுவில் 'நலிந்த நிறுவனம்' பட்டியலில் சேர்ந்தது. மிச்சத்தை டிஜிட்டல் பார்த்துக்கொண்டது. இப்போது கம்பெனி இல்லை. ஊருக்குப் பெயர் மட்டும் இருக்கிறது.

"தம்பி, கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்றார் அம்மா.

இறங்கினோம். குளிர் காற்று. யூகலிப்டஸ் வாசனை. அம்மா ரோட்டோரமாகப் பத்தடி நடந்தார். நின்றார்.

"அந்த கேட்டுப் போட்டோ கேட்டியே... இங்கதான்."

நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம்.

"கல்யாணமாகி ஒம்பதாம் நாளு. எல்லாரும் போட்டுக்குப் போறாங்க, கார்டனுக்குப் போறாங்க. உங்கப்பா என்னையக் கூட்டிக்கிட்டு பஸ்ஸு புடிச்சு இங்க வந்தாரு. கேமராவுல இருக்கற ஃபிலிமு இங்க செய்யறதுதான், பொறந்த வீட்டப் பாத்துட்டுப் போலாம்னாரு. வாட்ச்மேன் உள்ளாற விடல. சரின்னு என்னைய கேட்டு முன்னால நிறுத்தி எடுத்தாரு."

தேன்நிலவுக்கு வந்து ஃபேக்டரி கேட் பார்த்த தம்பதி தமிழ்நாட்டிலேயே இவர்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். 'பரம்பரை' என்று அர்த்தம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன... ஏனுங்க, நீங்க ஒரு படத்துலயும் இல்லையேன்னேன். இந்தா நீயே எடுன்னு கையில குடுத்துட்டாரு. ஒரே ஒரு ஃபிலிமுதான் மிச்சம். மூச்சப் புடிச்சுக்க, ஆடாத, அமுத்துன்னாரு. அமுத்துனேன். கழுவிப் பாத்தா தலையே இல்ல. கடைக்காரரு சிரிச்சாரு. எனக்கு மானம் போச்சு. பிரின்ட்டு போட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

பன்னிரண்டாவது படம்! கணக்கு டேலி ஆகிவிட்டது.

"அந்த நெகட்டிவ்?"

"எங்க போகும்? என் நகை டப்பாவுலதான் கெடக்கு. தலையில்லாத போட்டோவ வச்சு என்ன பண்றதுன்னு வெளிய எடுக்கல."

யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. அம்மா என்னிடம் கையை நீட்டினார்.

"குடு. பாப்பாவத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் அங்க போய் நில்லுங்க."

யாஷிகாவைக் கழற்றிக் கொடுத்தேன். எதை அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டார். கால்களைக் கொஞ்சம் அகட்டினார். அச்சு அசல் அப்பா நிற்கிற மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டது அவர் தோளில் தெரிந்தது.

"அப்பத்தா, தலை வருதா?" என்று கத்தினாள் மகள்.

"வரும் வரும். நீ ஆடாத!"

க்ளிக்.

பைக்காராவில் மீதிப் படங்களையெல்லாம் அம்மாவை எடுத்தேன். ஒன்பது. ஒன்றில்கூட முந்தானை முகத்துக்கு வரவில்லை.

*

சென்னைக்கு வந்து ஃபிலிமைக் கழுவக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ரிசல்ட். ஐந்தொகை இதோ: எடுத்தது 36. தேறியது 31. மூட்டத்தில் காணாமல் போனது மூன்று. மகள் விரலை லென்ஸ் மேல் வைத்து எடுத்த கலைப்படைப்பு இரண்டு. அம்மா எடுத்ததில் எல்லோருக்கும் தலை இருந்தது. பத்திரமாக நிறைய வானமும் விட்டிருந்தார். முழங்காலுக்குக் கீழேதான் ஒருவருக்கும் இல்லை.

கூடவே அந்த 1987 நெகட்டிவ்வையும் ஸ்கேன் செய்யக் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டின் தொண்ணூறுகள் கலர்ப் படங்கள் எல்லாம் இப்போது செம்மண் பூமியாகிவிட்டன. கலர்ப் படத்தில் இருப்பது சாயம், வெளுத்துப்போகும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருப்பது வெள்ளி. சரியாகக் கழுவி, ஈரம் படாமல் வைத்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். நகை டப்பாவில் இருந்ததால் இன்னும் சௌக்கியம். ஒரு கீறல் இல்லை.

தலை போன காரணமும் புரிந்தது. அக்ஃபா க்ளிக்கில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் மேலே, லென்ஸ் கீழே. கொஞ்சம் தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால் கண் தலையைப் பார்க்கும். லென்ஸ் சட்டைப் பையைப் பார்க்கும். அம்மா கிட்டே போயிருக்கிறார். கல்யாணமாகி ஒன்பதாம் நாள். கிட்டேதானே போவார்!

கம்ப்யூட்டர் திரையில் படம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது. பின்னால் கேட்டின் கம்பிகள். முழுக்கைச் சட்டை. பையில் பேனா. கையில் மடித்த ஸ்வெட்டர். ஒல்லியான கழுத்து. அம்மா சொன்ன மாதிரி தலை முழுக்கப் போய்விடவில்லை. நெற்றி இல்லை, கண் இல்லை, மூக்கில் பாதி இல்லை. அதற்குக் கீழே இருந்தது. நெகட்டிவ்வில் வெள்ளை கறுப்பாகத்தானே தெரியும், யாருக்குப் புரியும்? பெரிசு பண்ணியதும் பளிச்சென்று தெரிந்தது. அத்தனை பல்லும் தெரிய அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பாத்தியா, மொறைக்கவே இல்ல" என்றார்.

இப்போது எங்கள் ஹாலில் இரண்டு படம் மாட்டியிருக்கிறது. அடையாள அட்டைக்கு மாலை போட்டிருக்கிறோம். இந்தப் படத்துக்கு மாலை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன சார், ஃப்ரேம் போட்டவன் தலையை வெட்டிட்டானா?" என்று விசாரிக்கிறார்கள். அம்மாவே எழுந்து போய், இந்து நகரிலிருந்து ஆரம்பிக்கிறார். காபி ஆறிவிடுகிறது.

அடுத்த லீவுக்கு ஊட்டிக்கோ, குற்றாலத்துக்கோ டிக்கெட் போட்டாயிற்றா? ஃபிலிமோ, போனோ, எதுவானாலும் சரி. ஒரே ஒரு படத்துக்கு மட்டும், வழக்கமாக எடுக்கிற ஆளை முன்னால் நிறுத்திவிட்டு, கேமராவே தொடாத ஆளிடம் அதைக் கொடுங்கள். தலை போனால் போகட்டும். சிரிப்பு இருந்தால் போதும்.